ஒற்றை நூலின் வரலாறு

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணிச் சொன்னார்கள் நம் முன்னோர்கள். ஆடலும் பாடலும் ஓவியமும் சிற்பமும் அந்த எண்ணிக்கையுள் அடங்கும். மன்னர் அவையில் ஏறிய கலைகளுக்குப் புரவலர் இருந்தனர். புகழும் பொன்னும் வந்து சேர்ந்தன. ஆயின் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையே கிடைக்கின்ற அரைமணிப் பொழுதில், ஒரு சிறு கொக்கி ஊசியும் ஒரு நூற்கண்டும் கொண்டு வளர்ந்த கலை ஒன்று உண்டு. அதற்குப் புரவலர் இல்லை. பாடிய புலவர் இல்லை. வரலாறு எழுதினோரும் மிகச் சிலரே. அதுவே 'குரோஷா' என்று நம் இல்லங்களில் வழங்கும் பின்னற் கலை.

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களுள் இக்கலையின் சுவடு படாத இல்லம் அரிது. வானொலிப் பெட்டியை ஒரு காலத்தில் மூடியிருந்த வெண்ணிற விரிப்பு, பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் ஏறியது. தண்ணீர்க் கூஜாவின் வாயை மூடும் மணி கோத்த வட்டத் துணி, பூசையறைத் திரை, குழந்தையின் குல்லாய், நாற்காலி முதுகில் இட்ட விரிப்பு என்று அதன் வடிவங்கள் பல. பிழைப்பை நாடி வடபுலம் வந்த குடும்பங்கள் தம் பெட்டிகளில் கொண்டுவந்த பொருள்களுள், எடை மிகக் குறைந்ததும் உழைப்பு மிக நிறைந்ததும் இதுவே எனின் மிகையாகாது.

இத்துணை எளிய பொருள், உலகின் சில மூலைகளில் பஞ்சக் காலத்தில் குடும்பங்களைப் பட்டினியினின்றும் காத்தது. அவ்வாறு காத்த கைகளுக்கோ, அதன் பயன் முழுமையாகச் சென்று சேரவில்லை. காத்தது எவ்வாறு? பயன் சேராமற் போனது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது நம் கருத்து. அவ்விடை இக்கலையின் வடிவத்திலேயே ஒளிந்திருக்கிறது. அதனை ஈண்டுக் காண்போம்.

கண்ணிக்குள் கண்ணி

'குரோஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அச்சொல்லே நம் நாவில் குரோஷா ஆயிற்று. நெசவுக்குத் தறி வேண்டும். பாவும் ஊடும் வேண்டும். கம்பளிச் சட்டை பின்னுவதற்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். அவற்றில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஒருங்கே ஏறி நிற்கும். ஒரு கண்ணி நழுவினால் கீழே பல வரிசைகள் அவிழ்ந்துவிடும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே கண்ணிதான் ஊசியில் இருக்கும். அதனுள் நூலை இழுத்து அடுத்த கண்ணியை எடுக்கிறோம். அது முடிந்தால் அடுத்தது. வேலையை எந்த இடத்திலும் நிறுத்தலாம். எந்த நேரத்திலும் மீண்டும் தொடங்கலாம். பால் பொங்குகிறது என்றால் ஊசியை வைத்துவிட்டு எழலாம். குழந்தை உறங்கிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இக்கலையின் பெருமையும் சிறுமையும் இவ்வொரு தன்மையிலேயே பிறந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடிப்படைக் கண்ணிகள் மிகச் சிலவே. தொடக்கம் சங்கிலிக் கண்ணி. அதன்மேல் குட்டையான கண்ணி. ஊசியில் நூலை ஒருமுறையோ இருமுறையோ சுற்றி எடுத்தால் உயரமான கண்ணி. ஒரே கண்ணிக்கு இங்கிலாந்து நாட்டு நூல்கள் ஒரு பெயரும் அமெரிக்க நூல்கள் வேறொரு பெயரும் இட்டு வழங்குவதால், புத்தகம் பார்த்துப் பின்னுவோர் முதலில் அது எந்நாட்டுப் புத்தகம் என்று தெரிந்துகொள்ளுதல் நலம்.

இந்தச் சில எழுத்துகளைக் கொண்டே பெருங்காப்பியங்கள் எழுதப்பட்டன. உயரமான கண்ணிகள் ஐந்தை ஒரே துளையில் விரித்துப் போட்டால் சிப்பி போல் விரியும். அந்த ஐந்தின் தலைகளையும் ஒன்றாக இழுத்து முடிந்தால் சோளப்பொரி போல் துணியின்மேல் புடைத்து நிற்கும். முந்தைய வரிசைக் கண்ணியின் தலையில் ஊசியை விடாமல் அதன் தண்டைச் சுற்றி எடுத்தால், வரம்பு வரம்பாக எழுந்து, கூடை முடைந்தாற்போன்ற அழுத்தமான பரப்பு உண்டாகும். சிப்பிகளையும் சங்கிலி வளைவுகளையும் அடுக்கிச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனால் அன்னாசிப் பழத்தின் உருவம் தோன்றும். கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்துகொண்டு, நிறைந்த கட்டமும் வெற்றுக் கட்டமுமாகப் பின்னினால் மயிலும் அன்னமும் குழலூதும் கண்ணனும் வருவர். 'நல்வரவு' என்னும் எழுத்துகளும் வரும். எல்லாம் ஒரே நூல், ஒரே ஊசி.

பிறப்பிடம் எது?

இக்கலை எகிப்தில் பிறந்தது என்பாரும், அரபு நாட்டில் பிறந்தது என்பாரும், சீனத்தில் பிறந்தது என்பாரும் உளர். டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளராகிய லிஸ் பலூதான் என்னும் அம்மையார் இவற்றையெல்லாம் ஆராய்ந்து, இன்று நாம் அறியும் குரோஷா ஐரோப்பாவில் 1800ஆம் ஆண்டுக்கு முன் வழக்கில் இருந்தமைக்குத் தக்க சான்று இல்லை என்று முடிவு கூறினார். அச்சில் வந்த குரோஷா முறைகளுள் நாம் அறிந்தவற்றில் மிகப் பழையது, 'பெனலோப்' என்னும் டச்சு மகளிர் இதழில் 1823ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பணப்பைகள் பின்னும் முறை சொல்லப்பட்டிருந்தது. ஆகவே, பழைமையில் தொல்காப்பியத்தோடு போட்டியிடும் கலையன்று இது. இருநூறு ஆண்டு இளமையுடையது.

எனினும் இதன் மூதாதைகளுள் ஒன்று நம் பாரத நாட்டைச் சேர்ந்தது என்று கருத இடமுண்டு. குஜராத்திலும் கட்சுப் பகுதியிலும் செருப்புத் தைக்கும் மோச்சி வகுப்பினர், 'ஆரி' என்னும் கொக்கி ஊசியால் துணியில் சங்கிலித் தையலிட்டுப் பூவேலை செய்தனர். அவ்வேலைப்பாடு அமைந்த துணிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி ஐரோப்பா சென்றன. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்டிர் துணியை முரசுத் தோல் போல் வளையத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் இதே சங்கிலித் தையலைப் போட்டனர். பின்னர் எவரோ ஒருவர், அடியிலுள்ள துணி இல்லாமலே அந்தச் சங்கிலியைக் காற்றில் பின்ன முடியும் என்று கண்டனர். துணி விலகியது, பின்னல் தனித்து நின்றது. இவ்வாறு பிறந்ததே குரோஷா என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. துணியைத் துறந்த அந்த முதற் கை எவருடையது என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

கோலமும் கணக்கும்

நம் பெண்டிர் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும்போது, எத்தனை புள்ளியில் தொடங்கி எத்தனையில் முடிப்பது என்று கணக்கிட்டே இடுகின்றனர். குரோஷாவும் அத்தகைய கணக்குக் கலையே.

நடுவில் ஒரு சிறு வளையம் செய்து, அதில் குட்டைக் கண்ணிகள் 6 போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்த சுற்றில் 18, பின்னர் 24. சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே சென்றால் விரிப்பு தட்டையாகப் படியும். ஏன் ஆறு? குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியளவு கூடுகிறது. சுற்றளவோ ஆறேகால் கண்ணியளவு கூடவேண்டும். ஆதலின் ஆறு பொருந்துகிறது. உயரமான கண்ணியாயின் ஆரம் விரைந்து கூடும். அதற்குச் சுற்றுக்கு 12 வரை கூட்டவேண்டும். இதனை எந்தப் பள்ளியிலும் பயிலாத மூதாட்டியும், "ஆறு ஆறாக ஏற்று" என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். வட்டத்தின் கணிதம் அவள் விரல் நுனியில் இருந்தது.

கூட்டும் கண்ணிகளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வட்டம் அறுகோணமாகும். இடம் மாற்றி மாற்றி வைத்தால் வட்டமாகவே நிற்கும். நான்கு மூலைகளில் மட்டும் கூட்டினால் சதுரம். மும்மூன்று கண்ணி கொண்ட கொத்துகள் முதற்சுற்றில் 4, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 12 என வளரும் சதுரத்தை, ஆங்கிலம் பேசுவோர் 'கிரானி சதுரம்', அதாவது பாட்டிச் சதுரம் என்பர். அமெரிக்க நாட்டு உழவர் இதழொன்றில் 1885ஆம் ஆண்டில் இச்சதுரத்தின் படமும் முறையும் வெளிவந்தன. மிச்சம் மீதியாகிய கம்பளி நூல்களை வீணாக்காமல் சிறு சிறு சதுரங்களாக்கி, பின்னர் அவற்றை இணைத்துப் போர்வையாக்கும் சிக்கனம் அதில் இருந்தது.

கூட்டவேண்டிய அளவிற்குக் குறைவாகக் கூட்டினால் பின்னல் குவிந்து குல்லாயாகும். மிகுதியாகக் கூட்டினால் ஓரம் நெளிந்து நெளிந்து கோழிக்கொண்டைப் பூவைப் போல் மடியும். இந்த நெளிவுக்குள் ஒரு பெரிய கணித உண்மை அடங்கியிருந்தது. யூக்ளிடின் தளத்துக்கு மாறான, அதிபரவளையத் தளம் என்னும் பரப்பைக் கணித அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சிந்தித்தனர். ஆயின் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க உறுதியான உருவம் அதற்கு வாய்க்கவில்லை. காகிதத்தில் செய்தவை எளிதிற் கிழிந்தன. லாட்விய நாட்டிற் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை, 1997ஆம் ஆண்டில் குரோஷா ஊசியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டுவது என்று ஒரே விகிதத்தை இறுதிவரை மாறாமல் வைத்துப் பின்னினார். அறிஞர் ஏங்கிய உருவம் கையில் வந்து நின்றது. சட்டை ஓரத்துக்கு நெளிவு கொடுத்த பெண்டிர் அதனை நெடுநாளாகப் பின்னி வந்தனர். அதற்குப் பெயரிட்டு அழைக்கத்தான் ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது.

இப்பகுதியில் நாம் முதன்மையாக மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வட்டம், சதுரம், அறுகோணம், மலர் என்று சிறு சிறு உருக்களாகப் பின்னி, பின் இணைப்பது இக்கலைக்கு இயல்பு. ஒவ்வோர் உருவும் தன்னளவில் முழுமையானது. மடியில் வைத்துப் பின்னத்தக்கது. ஆனால் அது மட்டும் தனியே விலைபோகாது. நூறு உருக்கள் சேர்ந்தால்தான் விரிப்பு. அந்நூறையும் ஒருத்தியே பின்னலாம். நூறு பேரும் பின்னலாம். நூறு பேர் பின்னும்போது, இணைத்து விற்பவன் வேறொருவன் ஆகிறான். இனி வரும் வரலாறு இதற்குச் சான்று.

அயர்லாந்தின் பஞ்சமும் பின்னலும்

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அந்நாட்டு ஏழை மக்களுக்கு அதுவே அன்றாட உணவு. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் பிறநாடு புக்கனர்.

அக்கொடுங்காலத்தில் கார்க் நகர்ப் பகுதியிலிருந்த கன்னிமாடங்களும், ஊர்தோறும் இருந்த அறச்சிந்தையுடைய மகளிரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். மொனகன் வட்டாரத்துக் குளோன்ஸ் என்னும் ஊருக்கு 1847ஆம் ஆண்டில் வந்த பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட், ஆசிரியை ஒருவரை வருவித்துப் பயிற்சி தொடங்கினார். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இத்தொழிலில் ஈடுபட்டனர். எலியனோர் ரியேகோ தெ லா பிரான்ஷார்தியேர் என்னும் பெண்மணி, ஊசி முனையால் மாதக்கணக்கில் தைக்கவேண்டிய பழைய வெனிசு நாட்டு லேஸின் தோற்றத்தைக் குரோஷாவில் விரைவாகக் கொண்டுவரும் வழிகளை நூல்களாக எழுதிப் பரப்பினார். நிலம் வேண்டாம், தறி வேண்டாம், முதல் வேண்டாம். பயிர் பொய்த்த வீட்டில் விரல் பொய்க்கவில்லை.

ஐரிஷ் குரோஷாவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கவேண்டும். ரோசா மலர், மூவிலைக் கொத்து, திராட்சைக் கொடி ஆகிய உருக்களைத் தடித்த கயிற்றின்மேல் புடைப்பாகப் பின்னுவர். பின்னர், வரைபடம் எழுதிய துணியின்மேல் அவ்வுருக்களைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, இடைவெளிகளை வலைபோன்ற பின்னலால் நிரப்புவர். அவ்வலையில் இடையிடையே வரும் சிறு முடிச்சு இன்றும் 'குளோன்ஸ் முடிச்சு' என்றே வழங்குகிறது. ஒரு குடும்பத்தார் ரோசாவையும் மற்றொரு குடும்பத்தார் இலையையும் பின்னினர். தம் உருவைப் பிறர் கற்றுக்கொள்ளாதபடி, விருந்தினர் வந்தால் வேலையை மறைத்து வைத்தனர் என்றும் சொல்வர். அவர்களுக்கு அவ்வுருவே காணியும் பூமியும். ஆயின் உருக்களை ஒன்றுசேர்த்து, ஆடையாக்கி, லண்டனிலும் பாரிஸிலும் விற்றவர்கள் வணிகர்கள். சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்த அப்பட்டைகளில் பின்னியவளின் பெயர் இல்லை. பின்னர், இரசாயன முறையால் லேஸைப் போலியாகச் செய்யும் இயந்திரங்கள் வந்தன, முதல் உலகப் போருக்குப்பின் உடைநாகரிகமும் மாறியது, தொழில் மங்கியது. புலம்பெயர்ந்த பெண்களோடு கலை மட்டும் கடல் கடந்தது.

நாஞ்சில் நாட்டு ரேந்தை

இனி நம் தாயகத்தை நோக்குவோம். தென்தமிழ் மக்கள் லேஸை 'ரேந்தை' என்பர். 'ரெண்டா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. 1819ஆம் ஆண்டில் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு ரேந்தை வேலையும் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844ஆம் ஆண்டில் அறிஞர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்றபோது அக்கலையும் உடன் சென்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவான காலத்து இல்லத்தின் பக்கத்திலே ரேந்தை வேலையும் நடந்தது என்பது நினைக்க இனிது. பின்னாளில் முளகுமூட்டில் பெல்ஜிய நாட்டுக் கன்னியர் நடத்திய இல்லத்திலும் இவ்வகை வேலை வளர்ந்தது.

நாகர்கோவில் ரேந்தை குரோஷா அன்று. அது தலையணைமேல் ஊசிகள் குத்தி, பல நூற்கட்டைகளை மாற்றி மாற்றி வீசிப் பின்னுவது. கருவியால் வேறாயினும், பெண்ணின் கைவேலையும் அவள் வாழ்வும் தொடர்புற்ற வகையில் இது நம் பொருளுக்கு உடன்பிறப்பு. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855ஆம் ஆண்டில்தான் அது அரசாணையால் ஒழிந்தது. அதற்கு முன்னரே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் ரேந்தை வேலையில் ஈட்டிய பொருளைச் சேர்த்து, விலை கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறும். ஈட்டிய காசு ஈட்டியவள் கைக்கே வந்தபோது, ஒரு முழ ரேந்தை ஓர் உயிரின் தளையை அறுத்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு கோதாவரிக் கரைக்குச் செல்வோம்.

கோதாவரிக் கரையில்

ஆந்திர நாட்டில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரமும் பாலக்கொல்லும் குரோஷாவுக்குப் பெயர்பெற்றவை. 1844ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மக்ரே என்னும் மிஷனரித் தம்பதியர் இக்கலையை அங்கே கற்பித்தனர் என்பது அவ்வூர் வழக்கு. முதலில் கிறித்தவப் பெண்களிடம் தொடங்கிய இவ்வேலை, பின்னர் உழவர் குடிப் பெண்களிடமும் பரவியது. வயலில் இறங்கிக் கூலி வேலை செய்வது குடும்ப மதிப்புக்குக் குறைவு என்று கருதிய வீடுகளில், வாசற்படி தாண்டாமல் செய்யத்தக்க வேலையாக இது அமைந்தது. 1899ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியையும் தாண்டி இத்தொழில் நின்றது. வெளிநாட்டுச் சந்தைக்காகப் படுக்கை விரிப்புகளும் மேசை விரிப்புகளும் இங்கிருந்து கப்பலேறின.

இத்தொழில் நடந்த முறை வருமாறு. ஏற்றுமதியாளர் நூலை முகவரிடம் தருவார். முகவர் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் கண்டுகளைக் கொடுப்பார். பெண்கள் பூவும் வட்டமும் சதுரமுமாகிய உருக்களைப் பின்னுவர். தெலுங்கில் இதற்குச் 'சேதிபனி', அதாவது கைவேலை என்று பெயர். முகவர் அவற்றைத் திரட்டி, வேறு ஊரிலுள்ள வேறு பெண்களிடம் இணைப்பதற்குக் கொடுப்பார். அது 'அதுகுபனி', ஒட்டு வேலை. முழு விரிப்பு வணிகரிடம் போய்ச் சேரும். சேதிபனி செய்தவள் முழு விரிப்பைக் காண்பதில்லை. அது எந்நாட்டில் என்ன விலைக்கு விற்கிறது என்பதையும் அறிவதில்லை. பூ பின்னியவளும் பூவை இணைத்தவளும் ஒருவரையொருவர் அறியார். அறியாதவர் கூடிக் கூலி கேட்பது எங்ஙனம்?

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞராகிய மரியா மீஸ் 1970களின் இறுதியில் நரசாபுரம் வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். உலகச் சந்தைக்காகப் பொருள் செய்யும் இந்திய இல்லத்தரசிகள் என்பது அந்நூலின் துணைத் தலைப்பின் பொருள். வீட்டு வேலைகளையெல்லாம் முடித்து, அதற்கு மேல் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை அப்பெண்கள் பின்னினர் என்பதையும், அவ்வாறு பின்னியும் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட ஈட்டவில்லை என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு அரசு அன்று வரையறுத்த குறைந்த கூலியினும் அது மிகக் குறைவு. இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இத்தொழிலில் இருந்தனர் என்று அவர் மதிப்பிட்டார். ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் பட்டியலில் இல்லை. இல்லத்தரசிகள் என்றே எழுதப்பட்டனர். "ஓய்வு நேரத்தில் கைக்குப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்பதே வணிகர் கூற்று. எட்டு மணி நேர ஓய்வு எந்தக் குடும்பத் தலைவிக்கு வாய்க்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கேதான் நாம் முன்னர் எழுப்பிய வினாக்களுக்கு விடை கிடைக்கிறது. விட்டு விட்டுச் செய்யலாம் என்பதால் இக்கலை ஏழைப் பெண்ணுக்குக் கை கொடுத்தது. அதே காரணத்தால் அது வேலையென்றே எண்ணப்படாமல் போனது. சிறு உருக்களாகப் பிரித்துச் செய்யலாம் என்பதால் மடியளவு இடத்தில் அவள் பொருளீட்ட முடிந்தது. அதே காரணத்தால் முழுப்பொருளின் உரிமை அவள் கைக்கு எட்டாமல் போனது. கலையின் குற்றமன்று இது. கணக்கு எழுதியவரின் குற்றமே.

பிற்காலத்தில் நிலைமை சிறிது மாறியது. நரசாபுரத்தை அடுத்த சீதாராமபுரத்தில் லேஸ் பூங்கா ஒன்றும், பெண்களே உறுப்பினராகிய கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. மலிவான சீனச் சரக்கின் போட்டியால் தொழில் நலிவுற்றிருந்த நிலையில், 2024ஆம் ஆண்டில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் கிடைத்தது நன்று. பின்னுகின்றவளின் கூலிக்கும் அக்காவல் சென்று சேரவேண்டும்.

சென்னையில் ஒரு போர்வை

பிரிந்து கிடக்கும் உருக்களை வணிகர் மட்டுமே இணைக்க முடியுமோ? பின்னியவர்களே இணைக்கலாகாதோ? இதற்கு 2016ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னையில் ஒரு விடை கிடைத்தது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் அமைப்பைச் சேர்ந்த பெண்கள், பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்தபடி சதுரங்களைப் பின்னி அனுப்பினர். அவை சென்னையில் ஒன்றாக விரிக்கப்பட்டு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாயின. உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் பதிவேட்டில் அது இடம்பெற்றது. பின்னர் அது பிரிக்கப்பட்டு ஏழை எளியோர்க்குப் போர்வைகளாக வழங்கப்பட்டது. அயர்லாந்திலும் கோதாவரியிலும் பெண்களைப் பிரித்து வைத்த அதே சதுரம், இங்கே பெண்களை இணைத்தது. சதுரம் ஒன்றுதான், இணைக்கும் கை எவருடையது என்பதில்தான் வேறுபாடு.

நாம் செய்யத்தக்கவை

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி யாது? நாமும் உதிரி உருக்களாகவே இந்நகர் வந்தோம். நெல்லையிலிருந்து ஒரு குடும்பம், தஞ்சையிலிருந்து ஒரு குடும்பம், கோவையிலிருந்து மற்றொன்று. நம்மை இணைத்த நூலே இச்சங்கம். ஆதலின் இக்கலையை மதிக்கும் கடமை நமக்குச் சிறப்பாக உண்டு. மூன்று செயல்களை அன்பர்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுவிழாக் கைவேலைக் கண்காட்சியில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளின் அருகிலும் பின்னியவரின் பெயரையும் அதற்குச் சென்ற மணிநேரத்தையும் எழுதி வைப்போம். ஒரு சதுரத்துக்கு அரைமணி என்று வைத்துக்கொண்டாலும் நூறு சதுரம் கொண்ட விரிப்புக்கு ஐம்பது மணி ஆகிறது. இணைக்கும் வேலை வேறு. அந்த எண்ணைக் கண்டபின் எவரும் அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டார்.

இரண்டாவது, கைப்பின்னலை விலைக்கு வாங்கும்போது இயந்திர லேஸின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதிருப்போம். குரோஷாவைத் தொழிற்சாலை அளவில் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றளவும் சந்தைக்கு வரவில்லை. ஆகவே குரோஷா என்று கண்ட இடத்திலெல்லாம் ஒரு மனிதக் கை உண்டு என்று கொள்ளலாம். மிக மலிவாகக் கிடைக்குமானால், அக்கைக்குக் கூலி குறைந்திருக்கிறது என்பதே பொருள்.

மூன்றாவது, நம் மூதாட்டியர் விரலில் உள்ள முறைகளை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகள் மட்டுமன்று, ஆண்பிள்ளைகளும் கற்கட்டும். வட்டம் ஏன் ஆறு ஆறாக வளர்கிறது என்பதைக் கரும்பலகையில் கற்பதினும் கையில் கற்பது எளிது. விடுமுறை நாளில் சங்கக் கூடத்தில் இரண்டு மணி நேரம், ஒரு பாட்டியும் பத்துப் பிள்ளைகளும் அமர்ந்தால் போதும். செலவு பத்து ஊசியும் பத்து நூற்கண்டும்.

நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். சொல்லித்தரும் மரபு அறுந்தால் முடிவது அரிது. அது அறாமல் காப்போமாக! கையால் ஆக்கியவர் பெயர் கணக்கில் ஏறுவதாக!